கதவைப் பூட்டியாச்சு, 'லா' எங்கே? ஸ்பானிஷ் செயப்படுபொருளும் கோலாலம்பூர்த் தமிழரும்

கோலாலம்பூரில் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குகிற தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் அந்த மொழிக்குள் நுழைகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷைப் பட்டப்படிப்பாகவே எடுத்துப் படிக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை கைப்பேசிச் செயலி, மாலை வகுப்பு, ஸ்பானிஷ் கால்பந்து, தொலைக்காட்சித் தொடர் என்று படிப்பவர்கள்தாம் அதிகம். அவர்கள் கையில் இருக்கும் பாடம் ஆங்கிலம் பேசுகிறவருக்காக எழுதப்பட்டது. அதனால் ஆங்கிலக்காரர் எங்கே தடுக்கி விழுவாரோ அங்கேதான் அது எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும்.

செயப்படுபொருளைக் குறிக்கும் பிரதிப்பெயர்கள் பற்றிய பாடம் இதற்கு நல்ல உதாரணம். 'அதை வாங்கினேன்' என்பதற்கு ஸ்பானிஷில் 'லோ கொம்ப்ரே'. லோ என்றால் அதை, கொம்ப்ரே என்றால் வாங்கினேன். ஆங்கிலத்தில் 'அதை' வினைக்குப் பின்னால் வரும், ஸ்பானிஷில் முன்னால் வருகிறது. இந்த இடமாற்றத்தை மண்டையில் ஏற்றுவதற்கே அந்தப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பயிற்சி கொடுக்கின்றன. தமிழருக்கு இதில் என்ன கஷ்டம்? நாமும் 'அதை' என்று முதலில் சொல்லிவிட்டு 'வாங்கினேன்' என்று முடிக்கிறோம். 'நான்' என்று தனியாகச் சொல்லாமல் வினையின் ஈற்றிலேயே ஆளைக் காட்டுவதும் இரண்டு மொழிக்கும் பொது.

அப்படியிருந்தும் தமிழ் மாணவர்கள் இதே பாடத்தில் மதிப்பெண் இழக்கிறார்கள். அந்தச் சொல்லை இடம் மாற்றி வைப்பதால் அல்ல, வைக்காமலே விட்டுவிடுவதால்.

வீட்டில் அக்கா கேட்கிறாள்: "கதவைப் பூட்டினியா?" தம்பி சொல்கிறான்: "பூட்டிட்டேன்." எதைப் பூட்டினான் என்று அவன் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இதையே மலாயில் கேட்டால் "சுடா" என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். நம் ஊர் ஆங்கிலத்தில் "க்ளோஸ்ட் ஆல்ரெடி லா" என்போம், அதிலும் கதவு இல்லை. ஆக, ஒரு கோலாலம்பூர்த் தமிழர் அன்றாடம் புழங்கும் மூன்று பேச்சிலும் செயப்படுபொருளை விழுங்கிவிடலாம். ஸ்பானிஷில் அது நடக்காது. "ஸெர்ராஸ்தே லா புவெர்தா?" (கதவைப் பூட்டினாயா?) என்று கேட்டால் "ஸி, லா ஸெர்ரே" (ஆமாம், அதைப் பூட்டினேன்) என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் "ஸி, ஸெர்ரே" என்றால் கேட்பவருக்கு வாக்கியம் அந்தரத்தில் தொங்குவது போலிருக்கும். இந்த லாவை நம் லாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்முடையது வாக்கியம் முடிந்த பிறகு ஒட்டிக்கொள்வது, இல்லாவிட்டாலும் பொருள் கெடாது. அவர்களுடையது வினைக்கு முன்னால் வருவது, இல்லாவிட்டால் கெடும்.

பட்டியல் சின்னதுதான். என்னை என்பதற்கு மே, உன்னை என்பதற்கு தே, எங்களை அல்லது நம்மை என்பதற்கு நோஸ், படர்க்கையில் லோ, லா, லோஸ், லாஸ். உங்களை (நெருக்கமான பலரை) என்பதற்கு ஓஸ் என்று ஒன்று உண்டு. அது ஸ்பெயினில்தான் வழக்கு, லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்தை லோஸும் லாஸும் எடுத்துக்கொள்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள நம் தமிழ்ப்பள்ளி இலக்கணமே போதும். 'இரண்டாம் நான்காம் வேற்றுமை உருபுகளுக்குப் பின் வலிமிகும்' என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லி, நாமும் மனப்பாடம் செய்த விதி நினைவிருக்கிறதா? அந்த 'ஐ'யும் 'கு'வும்தான் இங்கே வேலை செய்கின்றன. அவனை என்றால் லோ, அவளை என்றால் லா. அவனுக்கு, அவளுக்கு இரண்டுக்கும் லே. தன்மையிலும் முன்னிலையிலும் இந்தப் பிரிவே இல்லை. மே என்பது என்னை, எனக்கு இரண்டும், தே என்பது உன்னை, உனக்கு இரண்டும். ஆங்கில வழிப் புத்தகம் 'யாரை, எதை என்று கேட்டுப் பாருங்கள்' என்று சுற்றி வளைத்துச் சொல்லித் தருவதை, தமிழ் தெரிந்தவர் உருபைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தேடு, பார், (காதால்) கேள் ஆகிய மூன்றும் தமிழில் ஐ ஏற்பவை. ஸ்பானிஷிலும் அவற்றுக்கு நேரான புஸ்கார், மிரார், எஸ்குசார் மூன்றும் நேரடியாக லோ, லா ஏற்கின்றன. ஆங்கிலத்தில் இந்த மூன்று வினைக்கும் பொருளுக்கும் நடுவில் 'ஃபார்', 'அட்', 'டு' என்று ஒரு முன்னிடைச்சொல் வேண்டும். அங்கே அவர்கள் திணறும்போது நாம் பேசாமல் கடந்து போகலாம்.

உருபுக் கணக்கு பிசகும் இடங்களும் உண்டு. அவனுக்காகக் காத்திருக்கிறேன் என்பது ஸ்பானிஷில் 'லோ எஸ்பேரோ', அதாவது ஐ. அவனை அடித்தான் என்பதோ 'லே பெகோ', அதாவது கு. உதவு என்ற வினைக்கு ஊருக்கு ஊர் லோவும் வரும் லேயும் வரும். இப்படிப்பட்ட வினைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. பார்க்கப் பார்க்கக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படர்க்கையில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: பால் பார்ப்பது. தமிழில் உயிரற்ற பொருள், விலங்கு எல்லாம் அஃறிணை, எல்லாவற்றுக்கும் 'அதை' ஒன்றே. மலாயில் அதுகூடத் தேவையில்லை. ஸ்பானிஷில் புத்தகம் ஆண்பால், ஆகவே லோ. மேசை பெண்பால், ஆகவே லா. கதவும் பெண்பால்தான். ஈற்றில் ஓ வந்தால் ஆண், ஆ வந்தால் பெண் என்ற பொது விதி பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் கை என்று பொருள்படும் மானோ பெண்பால், ப்ரொப்ளேமா ஆண்பால். மனிதர்கள் விஷயத்தில் நமக்கு வேறொரு சிக்கல். 'அவரை' என்ற மரியாதைச் சொல்லுக்குள் ஆணும் பெண்ணும் அடக்கம். டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் 'அவரைப் பார்த்தேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஸ்பானிஷ் அப்படி விடாது. டாக்டர் பெண் என்றால் 'லா வி', ஆண் என்றால் 'லோ வி'. எதிரில் இருப்பவரையே மரியாதையாக 'உங்களை' என்று சொல்லும்போதும் இதே லோ, லாதான். 'உங்களை நாளைக்குக் கூப்பிடுகிறேன்' என்று ஆசிரியையிடம் சொன்னால் 'லா யாமோ மன்யானா', ஆசிரியரிடம் சொன்னால் 'லோ யாமோ மன்யானா'.

சரி, எப்போது இந்தப் பிரதிப்பெயர் கட்டாயம், எப்போது விடலாம்? தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்வது இங்கேதான், நான் பார்த்தவரை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாததும் இதுதான்.

'ரொட்டி வாங்கினாயா?' என்று கேட்டால் குறிப்பிட்ட ரொட்டி எதுவும் மனத்தில் இல்லை. ஸ்பானிஷிலும் 'கொம்ப்ராஸ்தே பான்?' என்று எல், லா போன்ற சார்படை (ஆங்கிலத்தின் 'தி' போன்றது) எதுவும் இல்லாமல் கேட்பார்கள். பதில் 'ஸி, கொம்ப்ரே'. லோ வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. இப்போது 'ரொட்டியை வாங்கினாயா?' என்று கேட்டுப் பாருங்கள். அம்மா காலையில் சொல்லி அனுப்பிய அந்த ரொட்டி. ஸ்பானிஷில் 'கொம்ப்ராஸ்தே எல் பான்?', பதில் 'ஸி, லோ கொம்ப்ரே'. தமிழில் ஐ இல்லாத இடத்தில் ஸ்பானிஷில் லோ இல்லை. ஐ ஏறிய இடத்தில் லோ வந்தாக வேண்டும். நடுவில் 'ஒரு புத்தகம் வாங்கினேன்' என்பது போல எண் சொல்லிப் பேசினால் 'ஊனோ' (ஒன்று) வரும்: 'ஸி, கொம்ப்ரே ஊனோ'.

இந்த 'ஐ' எவ்வளவு நுட்பமானது என்பதற்குக் கல்யாண வீட்டை விட நல்ல சாட்சி கிடையாது. 'பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள்' என்றால் வரன் பார்க்கிறார்கள். 'மாப்பிள்ளையைத் தேடுகிறார்கள்' என்றால் முகூர்த்த நேரத்தில் மண்டபத்திலிருந்து ஆளைக் காணோம். ஸ்பானிஷ் இதே வித்தியாசத்தை 'ஆ' என்ற ஒற்றை எழுத்துச் சொல்லால் காட்டுகிறது. 'புஸ்கோ நோவியோ' என்று ஒரு பெண் சொன்னால் அவளுக்கு இன்னும் ஆள் அமையவில்லை. 'புஸ்கோ ஆ மி நோவியோ' என்றால் ஆள் இருக்கிறான், கூட்டத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டான். இரண்டாவது வாக்கியத்தைத்தான் 'லோ புஸ்கோ' (அவனைத் தேடுகிறேன்) என்று சுருக்க முடியும். முதலாவதை அப்படிச் சுருக்கினால் பொருள் மாறிவிடும்.

இந்த ஆ மனிதர்களுக்கும், செல்லமாக வளர்க்கும் விலங்குகளுக்குமே முக்கியமாக வரும். 'அந்தப் படத்தைப் பார்த்தேன்' என்று நாம் ஐ போடுகிற இடத்தில் ஸ்பானிஷ் 'வி லா பெலீகுலா' என்று ஆ இல்லாமலே சொல்லும். ஆனால் படத்தைப் பிரதிப்பெயராக மாற்றும்போது 'லா வி' என்று லா கட்டாயம் வரும். ஆகவே ஐ-சோதனையை ஆ வருமா என்று பார்ப்பதற்கு அல்ல, லோ, லா வருமா என்று பார்ப்பதற்கே பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, பேச்சில் நாம் 'அந்தப் புக் வாங்கிட்டேன்' என்று ஐயையும் முழுங்கிவிடுவோம். சோதனையை எழுத்துத் தமிழில் செய்து பார்ப்பதே நல்லது.

பிரதிப்பெயரை விடுவது 'கெட்ட ஸ்பானிஷ்' என்று யாராவது சொன்னால் முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். கெச்சுவா மொழியோடு நூற்றாண்டுகளாகக் கலந்து பழகிய எக்வடோர் மலைப்பகுதியிலும், ஸ்பெயினுக்குள்ளேயே பாஸ்க் நாட்டிலும், உயிரற்ற பொருளைக் குறிக்கும் லோ, லாவை விட்டுப் பேசும் வழக்கம் உண்டு. கெச்சுவாவும் பாஸ்க்கும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைத்து, உருபுகளை ஒட்டிப் பேசும் மொழிகள் என்பது கவனிக்கத்தக்கது. இருந்தாலும் தேர்வுத்தாள் எக்வடோர் தலைநகர் கித்தோவின் தெருப்பேச்சில் அமைவதில்லை. ஸ்பானிஷைப் பரப்ப ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய இன்ஸ்தித்தூதோ ஸெர்வாந்தெஸ் வழங்கும் தெலே (DELE) என்ற மொழித்தேர்ச்சிச் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் லோவை எழுதியே ஆக வேண்டும்.

விடுவதால் வரும் பெரிய சேதம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. நாம் வாக்கியத்தைத் தொடங்கும்போது எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முன்னால் தூக்கி வைப்போம். 'கதவை நான் பூட்டினேன், ஜன்னலைத் தம்பி சாத்தினான்.' தமிழுக்கு இது அன்றாடப் பேச்சு. ஸ்பானிஷிலும் இப்படி முன்னுக்குக் கொண்டுவரலாம், ஆனால் அப்போது பிரதிப்பெயரை இன்னொரு தடவை சொல்ல வேண்டும்: 'லா புவெர்தா லா ஸெர்ரே யோ, லா வெந்தானா லா ஸெர்ரோ மி எர்மானோ.' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கதவு, அதைப் பூட்டினேன் நான்; ஜன்னல், அதைச் சாத்தினான் என் தம்பி.' நமக்கு இது தேவையில்லாத இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. தமிழில் ஐ என்ற உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் பெயர் எங்கே போனாலும் அது செயப்படுபொருள் என்று தெரிந்துவிடும். ஸ்பானிஷில் 'லா வெந்தானா' என்பதன் மேல் அப்படி ஓர் அடையாளமும் இல்லை. முன்னால் வந்துவிட்டால் அது எழுவாயாகத் தோன்றும், ஜன்னல்தான் ஏதோ செய்தது போல. அந்த லாதான் வந்து 'இல்லை, இது செய்யப்பட்டது' என்று காட்டிக்கொடுக்கிறது. பொருளை முன்னால் வைத்துப் பேசுவது நம் பழக்கம் என்பதால், ஆங்கிலக்காரரை விட நாம்தான் இந்த வாக்கியத்தை அதிகம் உருவாக்குவோம், அதிகம் தவறவும் விடுவோம். 'ரொட்டிதான் வாங்கினேன், பால் இல்லை' என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் லோ வேண்டாம்: 'பான் கொம்ப்ரே, நோ லேச்சே.' ரொட்டியில் ஐ இல்லையே, அதே சோதனைதான்.

லோ முன்னால் வரும் என்பது மட்டும் போதாது, வினையோடு ஒட்டி நிற்க வேண்டும். தமிழில் 'அதை நேற்று வாங்கினேன்' என்று நடுவில் நேற்றைச் செருகலாம். ஸ்பானிஷில் 'லோ கொம்ப்ரே ஆயேர்' என்று நேற்றைப் பின்னால் தள்ள வேண்டும். இல்லை என்று பொருள்படும் நோகூட லோவுக்கு முன்னால்தான்: 'நோ லோ கொம்ப்ரே'. அதே காரணத்தால் லோ தனியாக நிற்கவும் மாட்டாது. பிரிக்ஃபீல்ட்ஸ் பலகாரக் கடையில் விரல் நீட்டி 'அதை' என்று மட்டும் சொன்னால் வடை வந்துவிடும். மாட்ரிட் கடையில் 'லோ' என்று மட்டும் சொன்னால் ஒன்றும் வராது. அங்கே 'ஏஸே', 'ஏசோ' என்று சுட்டுச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

வினைக்குப் பின்னால் ஒட்டும் இடங்களுக்கு மலாய் தெரிந்திருப்பது நல்ல ஒத்தாசை. 'மெம்பெலி' (வாங்கு) என்பதோடு 'ன்யா' சேர்ந்து 'மெம்பெலின்யா' (அதை வாங்கு) ஆவது போல, 'கொம்ப்ரார்' என்பதோடு லோ சேர்ந்து 'கொம்ப்ரார்லோ' ஆகிறது. பள்ளியில் மலாய்க் கட்டுரை எழுதியவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. வித்தியாசம், மலாயில் எல்லா வினைக்கும் பின்னால் ஒட்டலாம். ஸ்பானிஷில் மூன்று இடத்தில்தான்: வாங்க என்ற எச்ச வடிவத்தில் கொம்ப்ரார்லோ, வாங்கிக்கொண்டு என்ற தொடர் வடிவத்தில் கொம்ப்ராந்தோலோ, வாங்கு என்ற ஏவலில் கொம்ப்ராலோ. ஏவல் எதிர்மறையானால் லோ மறுபடி முன்னால் ஓடிவிடும்: 'நோ லோ கொம்ப்ரேஸ்' (அதை வாங்காதே). இரண்டு வினை சேர்ந்து வந்தால் நம் விருப்பம். 'கியேரோ கொம்ப்ரார்லோ' என்றும் சொல்லலாம், 'லோ கியேரோ கொம்ப்ரார்' என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் தனியாக நிறுத்த மட்டும் கூடாது. ஸ்பானிஷின் 'ஐ கே' (செய்தாக வேண்டும்; இந்த ஐ நம் உருபு அல்ல) வந்தால் இந்த விருப்பம் இல்லை, 'ஐ கே கொம்ப்ரார்லோ' ஒன்றே சரி. 'லோ ஏ கொம்ப்ராதோ' (அதை வாங்கியிருக்கிறேன்) என்பதில் கொம்ப்ராதோவுக்குப் பின்னால் லோவை ஒட்டவே முடியாது.

கொடுக்கல் வாங்கல் வினைகளில் இரண்டு பிரதிப்பெயர் சேர்ந்து வரும்போது மறுபடியும் நமக்குத்தான் வசதி. 'உனக்கு அதைத் தருகிறேன்' என்பது 'தே லோ தோய்'. முதலில் கு, அப்புறம் ஐ, கடைசியில் வினை. படர்க்கையில்தான் ஒரு திருப்பம். 'அவனுக்கு அதைக் கொடுத்தேன்' என்பது 'லே லோ தி' என்று வர வேண்டியது, 'ஸே லோ தி' என்று வருகிறது. இரண்டு லகரம் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு நன்றாக இருக்காது, அதனால் மாற்றினார்கள் என்று வகுப்பில் சொல்வார்கள். நினைவில் வைக்க வசதியான கதை, அவ்வளவுதான். உண்மையில் லத்தீனில் 'அவனுக்கு அதை' என்பதற்கான 'இல்லி இல்லும்' தேய்ந்து, பழைய ஸ்பானிஷில் 'ஜெலோ' என்று ஆனது. அந்த ஜெ ஒலி பிற்காலத்தில் ஸேயோடு கலந்துவிட்டது. லே எப்போதுமே அங்கே இருந்ததில்லை, ஆகவே அதை யாரும் மாற்றவும் இல்லை. லோ, லா என்பவையும் அதே லத்தீன் சுட்டுச் சொல்லிலிருந்து வந்தவை. பெயருக்கு முன் வரும் எல், லா என்ற சார்படைகளும் அதன் பிள்ளைகளே. 'லா புவெர்தா லா ஸெர்ரே' என்பதில் இரண்டு லாவும் ஒரே முகமாக இருப்பது அதனால்தான்.

கடைசியாக, நம் தாய்மொழியே நம்மைக் காலை வாரும் ஓர் இடம். பிடிக்கும், தெரியும், வேண்டும், புரியும் ஆகிய வினைகளுக்குத் தமிழில் 'நான்' வராது, 'எனக்கு' வரும். ஸ்பானிஷில் பிடிக்கும் மட்டும் அப்படியே இருக்கிறது: 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கும். ஆங்கிலக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த அமைப்பு நமக்கு வீட்டுச் சரக்கு. ஆனால் தமிழில் 'எனக்கு அந்தப் பாட்டைப் பிடிக்கும்' என்று ஐயும் சேர்ந்து வரும். அந்த ஐயை நம்பி 'மே லா குஸ்தா' என்று எழுதினால் பிழை. ஸ்பானிஷில் பாட்டு எழுவாய், ஆகவே லா வராது, 'மே குஸ்தா' மட்டுமே. பல பாட்டுகள் என்றால் வினை பன்மையாகி 'மே குஸ்தான்' ஆகும். இந்த வினையிடம் ஐ-சோதனை முழுதாகத் தோற்றுவிடுகிறது.

மற்ற மூன்றும் நேர் எதிர். எனக்கு அது வேண்டும் என்பது 'லோ கியேரோ', எனக்கு அது புரிகிறது என்பது 'லோ எந்தியெந்தோ', எனக்கு அவளைத் தெரியும் என்பது 'லா கோனோஸ்கோ'. இங்கெல்லாம் எனக்கு மறைந்து நான் ஆகிவிடுகிறது, மே போட்டால் பொருளே மாறும். யாராவது ஏதோ சொல்லி, 'எனக்குத் தெரியும்' என்று பதில் சொல்ல நேர்ந்தால் 'லோ ஸே'. இந்த லோ எந்தப் பொருளையும் குறிக்கவில்லை, அவர் சொன்ன சேதி முழுவதையும் குறிக்கிறது. அதற்குப் பால் கிடையாது, எப்போதும் லோதான். தமிழில் ஒன்றுமே சொல்லாமல் விடுகிற இடம் என்பதால் இது விடுபடுவது மிகச் சாதாரணம்.

ஸ்பெயினில் எடுத்த தொடர்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 'அவனைப் பார்த்தேன்' என்பதை மாட்ரிட் பக்கத்து ஆட்கள் 'லோ வி' என்று சொல்லாமல் 'லே வி' என்று சொல்வது காதில் விழும். 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிஷ் மொழிக்கழகம், ஒரே ஓர் ஆணைக் குறிக்கும்போது இந்த லேயை ஏற்றுக்கொள்கிறது. பொருளுக்கு லே போடுவதை ஏற்பதில்லை. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் லோதான் வழக்கு. எழுதும்போது லோ என்றே வைத்துக்கொண்டால் எந்த நாட்டு ஆசிரியரும் அதன் மேல் சிவப்பு மை வைக்க மாட்டார்.